கம்பியில் இருந்த கடிதங்கள்

அப்பா இறந்த ஏழாவது மாதத்தில் ஸ்கேனர் வாங்கினேன். வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு கட்டு, பட்டா மாற்றத்துக்கு ஒரு கட்டு, வங்கிக்கு ஒரு கட்டு என்று போகிற இடமெல்லாம் நகல் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் மூலப் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடக்க வேண்டும். அங்கிருந்த பையன் முப்பது வருஷத்து முத்திரைத்தாளைத் தோசையைத் திருப்புவது போலத் திருப்பிப் போடுவான். பார்த்துக்கொண்டு நிற்கத் தாங்கவில்லை. மூடியைத் திறந்து கண்ணாடியில் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிற சாதாரண மேசை ஸ்கேனர் ஒன்றைக் கோவில்பட்டி வீட்டுக்கே வரவழைத்து, அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்தேன். லீவு போடாமல் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மத்தியானமும் ராத்திரியும் ஸ்கேன் வேலை.

பத்திரங்கள் நான்கு நாளில் முடிந்துவிட்டன. ஐந்தாம் நாள் அம்மா அரங்குவீட்டுக்குள் போய் நான்கு கம்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டாள்.

"இதயும் பாத்துட்டுச் சொல்லுய்யா. வெந்நி அடுப்புக்குப் போட்ருவோம்னுதான் நெனச்சேன். அவுக கை பட்டதாச்சேன்னு மனசு வரல."

இந்தக் கம்பியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். முழ நீளக் கம்பி. அடியில் காகிதம் நழுவாமலிருக்க ஒரு வட்டத் தகடோ மரக்கட்டையோ இருக்கும். மேல்முனை கூராகவும், ஆணியில் மாட்டுவதற்குத் தோதாக வளைந்தும் இருக்கும். வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் அதில் ஒரு குத்து. அவ்வளவுதான் கோப்பு. அப்பா தீப்பெட்டி கம்பெனியில் கணக்குப்பிள்ளை. அங்கே பில்களைக் குத்திப் பழகிய கை, வீட்டுக் கடிதங்களையும் அப்படியே குத்தியது. மூன்று கம்பிகளில் கடிதங்கள், நான்காவதில் மின்கட்டண ரசீதும் உரக்கடைச் சிட்டையும்.

எதையும் யோசிக்காமல் உருவியிருப்பேன். முதல் கம்பியில் மேலே இருந்த நான்கைந்தை உருவவும் செய்தேன். வளைவில் மாட்டி இன்லண்ட் தாள் ஒன்று ஓட்டையிலிருந்து விளிம்புவரை கிழிந்தது. அப்புறம்தான் குறடு எடுத்து வளைவை நிமிர்த்தினேன். உருவிய ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் எண் போட்டேன். இந்த எண் போடுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அப்பா பில் அடுக்குவதைப் பார்த்து வந்ததாக இருக்கலாம். ஆவணக் காப்பகங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவர் விட்டுப்போன காகிதங்களை, நமக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக வேறு வரிசையில் மாற்றி அடுக்கக் கூடாது, அவர் வைத்த வரிசையும் ஒரு தகவல் என்பார்கள். அந்த விதியின் அருமை பத்து நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

வேலை நினைத்ததைவிட மெதுவாக நடந்தது. விலை குறைந்த ஸ்கேனர்களில் இருக்கும் உணர்வி, காகிதம் கண்ணாடியோடு ஒட்டி இருந்தால்தான் தெளிவாகப் படிக்கும். மடிப்பு ஒரு நூல் உயரம் தூக்கி நின்றாலும் அந்த வரி கலங்கிவிடும். நாற்பது வருஷம் மடிந்தே கிடந்த இன்லண்ட் லேசில் படியாது. அப்பாவின் பழைய பேரேட்டை மூடிமேல் பாரமாக வைத்தேன். தாள் மெல்லியது, எழுத்து பால்பாயிண்ட் பேனா, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. கறுப்புச் சார்ட் அட்டை ஒன்றை முதுகுக்குக் கொடுத்ததும் அது அடங்கியது. துருப்பிடித்த குண்டூசிகளை இழுத்தால் தாளும் கூடவே வந்தது. பிளேடு முனையால் இரண்டு பக்கமும் நெம்பி எடுக்கக் கற்றுக்கொண்டேன். 300 டிபிஐ, கலர், சுருக்காத டிஃப் கோப்பு. ஏ4 அளவுக்கு ஒரு பக்கம் சுமார் 25 எம்பி வருகிறது. ஜேபெக்காகப் போட்டால் சின்னதாகத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மூலத்துக்கு டிஃப், அனுப்புவதற்கு பிடிஎஃப் என்று வைத்துக்கொண்டேன்.

கலர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்த 'ஆவணம்' என்கிற முறையிலேயே விட்டுவிட்டேன். அது பின்புலத்தைச் சுத்தம் செய்து, எழுத்தை மட்டும் கன்னங்கரேலென்று நிறுத்தும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு காதுகுத்துக் கடிதத்தைத் திரையில் பார்த்தபோது ஏதோ குறைந்தது. கையில் இருந்ததைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள். திரையில் நான்கு மூலையும் வெள்ளை. மஞ்சளை அழுக்கென்று துடைத்துவிட்டிருந்தது மென்பொருள். இன்னொரு கடிதத்தில், விளிம்பைத் தானே கண்டுபிடித்து வெட்டுகிறேன் என்று உச்சியிலிருந்த பிள்ளையார் சுழியை நறுக்கியிருந்தது. எல்லாத் தானியங்கி வசதிகளையும் அணைத்துவிட்டு, முப்பது பக்கத்தையும் மறுபடி எடுத்தேன்.

அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. மூன்று கம்பியிலும் சேர்த்து கல்யாணம், சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு எல்லாம் இருந்தன. ஒரு சாவு இல்லை. முப்பது வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் சாகவில்லை என்றுதான் அந்தக் கம்பிகளை மட்டும் பார்ப்பவர் நினைப்பார். கருமாதிக் கடிதம் வந்தால் படித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவோம். பெரிய தாத்தா இறந்த தேதி தெரியாமல் பட்டா விஷயத்தில் மூன்று மாதம் அலைந்ததற்கு அதுதான் காரணம். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று சொன்னார்களாம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். அவர்களும் அதை மரியாதை என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். எதை வைப்பது, எதை நெருப்பிலும் ஆற்றிலும் விடுவது என்பதற்கு நம்மிடம் ஒழுங்கான முறைகள் இருந்திருக்கின்றன. அந்த முறைகளுக்கு நடுவே தப்பியதுதான் கையில் கிடைக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா போல அழைப்பிதழ், நோட்டீஸ் வரை சேர்த்து வைத்த மனிதர் ஊருக்கொருவர் இருந்ததில்லை.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளை நம்பிப் பிரயோசனமில்லை. அச்சுத் தமிழை இப்போது நன்றாகவே படிக்கிறது, 1978-க்கு முந்தைய பழைய லை, ணை, றா வந்தால் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். அத்தையின் கையெழுத்தைக் கொடுத்தேன். அது தந்தது தமிழே இல்லை. சரி, நாமே தட்டச்சு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்படித்தான் அத்தையின் கடிதங்களை வரி வரியாகப் படிக்க வேண்டி வந்தது. வெறுமனே ஸ்கேன் செய்து போயிருந்தால் படித்திருக்க மாட்டேன்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி பம்பாய்க்குப் போனவள். மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி. மாமா துணி மில்லில் வேலை. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்றாலும் எழுத அலுக்காதவள். இன்லண்டின் மூன்று மடிப்பும் நிறைந்து, ஒட்டுகிற விளிம்பிலும் எழுதுவாள். அந்த விளிம்பைக் கிழித்துத்தான் கடிதத்தைத் திறக்க வேண்டும் என்பதால், அங்கே எழுதியது பாதிதான் கிடைக்கும். முற்றுப்புள்ளி கிடையாது. பேசுவது போலவே எழுத்து.

எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி ஒரு கதை உண்டு. 1991-இல் அக்காவின் சடங்குக்கு வந்தவள், பந்தலில் நாலு பேர் முன்னால் அப்பாவைப் பார்த்து, "அடுப்பு எரியாமக் கெடந்தப்ப எட்டிப் பாக்காத அண்ணன், இப்ப மஞ்சத் தடவிக் காயிதம் போடுதான்" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை அடுத்தவரிடம் நீட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே அழைப்பிதழ் மட்டும்தான். அப்பா சாவுக்குக்கூட அத்தை வரவில்லை, முழங்கால் முடியவில்லை என்று போனில் சொன்னாள்.

அடுப்பு எரியாமக் கெடந்தது என்று அவள் சொன்னது 1982. அந்த வருஷம் ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டு, முடிந்தது என்று யாரும் அறிவிக்காமலேயே தேய்ந்துபோன வேலைநிறுத்தம் அது. பலர் ஊரைப் பார்க்கப் போனார்கள். மாமா போகவில்லை.

பிப்ரவரி மாதக் கடிதத்தில் அத்தை எழுதியிருக்கிறாள். மில்லு பூட்டிக் கிடக்கிறது, அவர் மூட்டை தூக்கப் போகிறார், ரெண்டு நாள் வேலை இருந்தால் நாலு நாள் இல்லை, பிள்ளைக்குப் பால் வாங்க முடியவில்லை, அண்ணன் எப்படியாவது ரூபாய்... அந்த இடத்தில் ஓட்டை. கம்பி சரியாகத் தொகையின் மேல் இறங்கியிருக்கிறது. இருநூறா, இருபதா என்று தெரியவில்லை. 1200 டிபிஐ வரை வைத்து எடுத்துப் பார்த்தேன். இல்லாத காகிதத்தை எத்தனை டிபிஐயில் எடுத்தாலும் ஓட்டைதான் பெரிதாகத் தெரியும்.

அதற்கு அடுத்து கம்பியில் இருந்தது கடிதம் இல்லை, ஒரு சின்னச் சீட்டு. மணியார்டர் ஒப்புகைச் சீட்டு. 2015-இல் அஞ்சல்துறை நிறுத்திய அந்தப் பழைய மணியார்டரில், பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். இப்படிப் பதினொரு சீட்டுகள் இருந்தன. ஸ்கேன் செய்ய எரிச்சலான அளவு. இவற்றையெல்லாம் மொத்தமாகக் கண்ணாடியில் பரப்பி ஒரே படமாக எடுத்து, 'சில்லறை' என்று ஒரு கோப்பில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எண்கள் இருந்ததால் தப்பித்தது.

எண் வரிசைப்படி திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அத்தையின் பிப்ரவரிக் கடிதம். மார்ச் மாத அஞ்சல் முத்திரையோடு ஒரு சீட்டு, அறுபது ரூபாய். அதன்மேல் அத்தையின் ஏப்ரல் கடிதம்: ஒரு பதிலும் இல்லையே அண்ணே. அதன்மேல் இன்னொரு சீட்டு, அறுபது. இன்னொன்று. ஜூலையில் அத்தையின் ஒரு கடிதம், நாலே வரி, அண்ணனுக்குத் தங்கச்சி பாரமாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன் என்று முடிகிறது. அதற்கப்புறம் சீட்டு, சீட்டு, சீட்டு. 1983 பிப்ரவரி வரை. நடுவில் அத்தையின் கடிதம் ஒன்றுகூடக் கிடையாது.

சீட்டில் தொகையும் எங்கள் முகவரியும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. கீழே பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, பதினொன்றிலும் மாமாவுடையது.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமாவைத் தப்பாக நினைக்கத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் அப்படி நினைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். வாடகைப் பாக்கிக்குப் போயிருக்கலாம். வட்டிக்காரனுக்குப் போயிருக்கலாம். மச்சானிடம் கை நீட்டினோம் என்று பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று, கூலியோடு கூலியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். அப்பாவையும் யோசித்தேன். அவர் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. மணியார்டர் ஃபாரத்தில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அங்கே இரண்டு வரி எழுதுவார். அது பணத்தோடு மாமா கைக்குப் போயிருக்கும். இங்கே மாதாமாதம் கையெழுத்தோடு சீட்டு வருகிறது, தங்கையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை, வந்த வார்த்தையும் ஏச்சு. அவர் அந்தச் சீட்டையும் குத்தினார், அந்த ஏச்சையும் குத்தினார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"எண்பத்திரெண்டா?"

"ஆமா."

"அந்த வருசம்தான் எஞ் சங்கிலி அடவுக்குப் போச்சு. பருத்திக்கு உரம் வாங்கணும்னு சொன்னாக."

வேறொன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் பால் அடுப்பை அணைத்தாள். சாயங்காலம் வரை அந்தப் பக்கம் வரவில்லை. எனக்குத் தெரியாத இன்னொரு கணக்கையும் திறந்துவிட்டேன் போலிருக்கிறது. சங்கிலி மீண்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பார்த்து அம்மா கழுத்தில் சங்கிலி இருந்ததில்லை.

அத்தை மகள், எனக்கு மைனி முறை. அவளுக்கு அத்தையின் முப்பத்தெட்டு கடிதங்களையும் பிடிஎஃப்பாக அனுப்பினேன். சீட்டுகளை அனுப்பவில்லை. மறுநாள் அத்தையே பேசினாள். எண்பதை நெருங்குகிற குரல்.

"எல்லாத்தயும் இவ வாசிச்சுக் காட்டுதா. இதெல்லாம் நானா எழுதுனேன்? எதுக்குய்யா அண்ணன் இத வச்சிருந்தாக?"

அவளிடம் அப்பாவின் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் நமக்கு எழுதியதுதானே, நாம் எழுதியது எப்போதும் இன்னொருவர் வீட்டில் இருக்கும். அப்படி அந்தப் பாதியும் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு ஆசை.

"ஒரு டிரங்குப் பெட்டி இருந்துச்சு. அந்த மழையில போச்சு."

எந்த மழை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழை. மித்தி ஆற்றங்கரையில்தான் தாராவி. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, பெட்டியைத் திறந்தபோது எல்லாம் கூழாக இருந்தது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அண்ணன் கையெழுத்து ஏதும் இருந்தா ஒண்ணு அனுப்பேன்" என்றாள்.

எத்தனையோ இருந்தன. பேரேடு இருந்தது, பால் கணக்கு நோட்டு இருந்தது. ஒரு பக்கம் எடுத்து அனுப்பியிருந்தால் முடிந்தது. ஆனால் அவள் தொடர்பாக அப்பா எழுதியது என்று இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அந்தப் பதினொரு சீட்டுகள்தான். மேல்பாதியை மட்டும் வெட்டி அனுப்பலாம். அப்பாவின் கையெழுத்து இருக்கும், மாமாவின் கையெழுத்து இருக்காது. படத்தைத் திறந்து, வெட்டுகிற கட்டத்தை இழுத்து, மாமாவின் பெயருக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். மஞ்சளைத் துடைத்ததற்கு மென்பொருளை என்ன பாடு பேசினேன் என்று நினைவு வந்தது. அதோடு, மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம். அத்தை வீட்டில் அவர் படத்துக்குத் தினமும் பூ உண்டு என்று மைனி சொல்லியிருக்கிறாள். செத்துப்போன ஒருவர் பேரைக் காப்பாற்ற, செத்துப்போன இன்னொருவர் பேரைக் கெடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அம்மாவிடம் கேட்டேன்.

"அவுக ரெண்டு பேருஞ் சொல்லாமத்தான போனாக. நீ எதுக்குச் சொல்லுத?" என்றாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஆனாலும் பந்தல்ல வச்சு அப்படிக் கேட்டுருக்கப்படாது. அவுக அன்னைக்கி ராத்திரி சாப்பிடல" என்றாள்.

இரண்டு நாள் கழித்து முதல் சீட்டை முழுசாக, ஓட்டையோடு, இரண்டு பக்கமும் அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. நீல டிக் உடனே வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடைசிக் கம்பியை முடித்தேன். எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போக வைத்தேன். மூலக் காகிதங்களை எண் வரிசையிலேயே காடாத் துணியில் சுற்றி, ராமபாணத்துக்கு வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் அடுக்கினேன். அம்மா வெந்நீர் அடுப்பைப் பற்றி மறுபடி பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அத்தை கூப்பிட்டாள். மைனி இல்லாத நேரம் போல, அவளே போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன சீட்டு இருக்கு?"

"பதினொண்ணு அத்த."

"எல்லாம் அறுவதா?"

"ஆமா."

மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மாமாவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நாந்தான காயிதம் போட்டேன்," என்றாள். "எம் பேருக்கு ஏன்யா அனுப்பல அண்ணன்?"

போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாங்கிக் காதில் வைத்து, "ஆங்... சொல்லுங்க மைனி" என்றபடி முற்றத்துக்குப் போனாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.